மேகத்துக்குள் பறக்கச் சான்று வாங்கியாயிற்று, அடுத்து என்ன?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூர் எனக்குச் சொந்த ஊர். வயது 34. டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பொழுதுபோக்காக ஆரம்பித்து பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். போன மாதம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) செக் ரைடிலும், அதாவது பறந்து காட்டும் தேர்விலும், தேறிவிட்டேன். பறந்த நேரத்தை எழுதிவைக்கும் லாக்புக்கில் இப்போது 170 மணி நேரம். இன்னும் ஒரு வருடத்தில் வேலையை விட்டு ஊருக்கு வந்து அப்பாவின் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். அதற்குள் கமர்ஷியல் லைசென்ஸ் எடு என்கிறார் ஒருவர், இரட்டை எஞ்சின் எடு என்கிறார் இன்னொருவர், இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடு என்கிறார் மூன்றாமவர். ஏர்லைனுக்குப் போகும் எண்ணம் எனக்கில்லை. "வேலைக்கும் போகப் போறதில்ல, இன்னும் எதுக்குப் பரீட்சை?" என்று கேட்கிறார் அப்பா. கோயமுத்தூரில் ஒரு சின்ன விமானம் எடுத்து எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு முறையாவது பறக்க வேண்டும் என்று ஆசை. நடக்குமா?

பதில்: (ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர், குன்னூர்)

மூன்று பேர் உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். உருப்படியாகக் கேள்வி கேட்டவர் உங்கள் அப்பாதான். எதற்கு என்று தெரியாமலே அடுத்த செக் ரைடுக்குப் பணம் கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லைசென்ஸில் ரேட்டிங் வரிவரியாக ஏறும், ஆள் வானத்தில் இருக்கும் நேரமோ வருடத்துக்கு வருடம் குறையும்.

இன்னும் ஒரு வருடம் அமெரிக்க வானம், அதற்குப் பிறகு இந்திய வானம் என்பதுதான் உங்கள் நிலைமை. அங்கே வார இறுதியில் விமானத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கே அப்படி முடியாது. ஆகவே அங்கே மட்டும் கிடைப்பதை அங்கேயே முடித்துவிடுங்கள். லாக்புக்கை மட்டும் இங்கே செல்லுபடியாகிற மாதிரி அடுக்கிக்கொண்டு வாருங்கள். மற்றதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து தானே வரும்.

முதல் மூன்று மாதம் எந்தப் புதுப் படிப்பும் வேண்டாம். வாங்கிய ரேட்டிங் உடம்பில் ஊறட்டும். அமெரிக்க விதி இந்த ரேட்டிங்குக்குக் கேட்பது 40 மணி நேரக் கருவிப் பறப்பு. அந்த 40-ம் கண்ணுக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு ஓட்டியதாகவே இருக்கலாம். ஒரு நிமிடம்கூட நிஜ மேகத்தைப் பார்க்காமல் செக் ரைடில் தேறிவிடலாம், விதி தடுக்காது. மறைப்பின் ஓரத்தில் வெளிச்சம் கசியும், விமானம் சாய்ந்தால் மடியில் நிழல் நகரும், பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார் என்ற தெம்பு வேறு. மேகத்துக்குள் தனியாக இருக்கும்போது இவை எதுவும் துணைக்கு வராது. உங்கள் 40-ல் நிஜ மேகம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டதால்தான் இந்தப் பத்தியே.

உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களுக்கு மெதுவாகத் தொடங்கும் திருப்பம் தெரியாது. நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும், கருவி 30 டிகிரி சாய்வு காட்டும். சாய்வைச் சரிசெய்தால், இப்போது எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு அலறும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பைலட்டுகளுக்கு வெளிப்பார்வையை மறைத்து ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். 20 பேருக்கும் விமானம் கைமீறிப் போனது. சராசரி 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. உங்கள் பயிற்சி அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பழக்கம் விட்டால் அது திரும்பிப் போய்விடும்.

ரேட்டிங் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் பயணித்து, விபத்தில் இறந்த ஹெலிகாப்டரை ஓட்டியவருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதியில் போய்க்கொண்டிருந்தவர் மேகத்துக்குள் ஏறினார், திசையுணர்வு தப்பியது என்பது விசாரணையின் முடிவு. நம் பக்கத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர், காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். இயந்திரக் கோளாறும் இல்லை, நாசவேலையும் இல்லை, அலட்சியமும் இல்லை என்று 2022 ஜனவரியில் விமானப்படையின் முதற்கட்ட விசாரணை சொன்னது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தப்பியது, கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதியது. ஓட்டியவர்கள் அனுபவத்தில் உங்களைவிடப் பல மடங்கு மேல். இந்த மலையின் மேகத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வேளையாக, ஆஸ்டினில் பழகுவதற்கு ஏற்ற மேகம் உண்டு. வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று இரவோடிரவாக உள்ளே வந்து, தாழ்ந்த மேக அடுக்காகப் படுத்துக்கிடக்கும். பெரும்பாலும் ஆட்டம் இருக்காது, மேலே ஏறினால் வெயில், பகல் ஏறஏறக் கலைந்துவிடும். அந்த மாதிரிக் காலையில் பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். மேகத்தைத் துளைத்து ஏறி, அப்ரோச் போட்டு (கருவி காட்டும் பாதையில் ரன்வேயை நோக்கி) இறங்கி, மறுபடி ஏறுங்கள். அலுத்துப்போகும்வரை செய்யுங்கள். இடிமேக வரிசை வருகிற நாளில் வீட்டில் இருங்கள். குளிர்காலத்தில் அங்கே உறைநிலை தரைவரைகூட இறங்கிவிடும், இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கும். அதைத் தாங்கும் ஏற்பாடு செஸ்னா 172 போன்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிடையாது.

சட்டம் கேட்பது குறைவுதான். கடந்த ஆறு மாதத்தில் ஆறு அப்ரோச், ஒரு ஹோல்டிங் (குறித்த இடத்தில் சுற்றிக்கொண்டு காத்திருப்பது), நேவிகேஷன் தடத்தைப் பிடித்துத் தொடர்வது, அவ்வளவே. தவறினால் இன்னொரு ஆறு மாதத்துக்குள் வெளியே கண்வைத்திருக்கும் சேஃப்டி பைலட்டை வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். அதையும் விட்டால் பயிற்றுநரிடமோ தேர்வாளரிடமோ திறன் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். நீங்கள் சட்டத்தைவிடக் கறாரான கோடு ஒன்றை உங்களுக்கே போட்டுக்கொள்ளுங்கள். ரன்வேப் பக்கமிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து இறங்கும் சாதாரண ஐ.எல்.எஸ். அப்ரோச்சில் தரையிலிருந்து 200 அடி உயரம்வரை, அரை மைல் தூரம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்போதும் இறங்கிப் பார்க்க அனுமதி உண்டு. புதிதாக ரேட்டிங் வாங்கியவர் தனியாகப் போகும்போது மேகத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1,000 அடிக்கு மேல், பார்வைத் தூரம் மூன்று மைலுக்கு மேல் இருந்தால் மட்டும் கிளம்பட்டும் என்பேன். பழகப்பழகக் குறைத்துக்கொள்ளலாம். அதைக் காகிதத்தில் எழுதி லாக்புக்கில் ஒட்டிவையுங்கள். மனதில் வைத்திருக்கும் கோடு, ஊருக்குத் திரும்ப அவசரம் வந்ததும் தானாக நகர்ந்துவிடும்.

இனி கமர்ஷியல். எடுத்துவிடுங்கள். ஏர்லைனுக்குப் போகாதவருக்கு எதற்கு என்று அப்பா மறுபடி கேட்பார். இரண்டு காரணம் இருக்கிறது.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உங்கள் கண்ணை உள்ளே இழுத்துவிட்டது. கமர்ஷியல் பயிற்சி அதை வெளியே கொண்டுவரும். சாண்டெல், லேசி எய்ட், எய்ட்ஸ் ஆன் பைலான்ஸ் என்று அதில் வரும் வித்தைகள் எல்லாம் விமானத்தின் எடையையும் வேகத்தையும் உட்காரும் இடத்திலேயே உணரவைப்பவை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது பவர்-ஆஃப் 180. ரன்வேக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சக்தியை முழுக்கக் குறைத்துவிட்டு, திரும்பி, குறித்த கோட்டைத் தாண்டி 200 அடிக்குள் சக்கரத்தைத் தொடவைக்க வேண்டும். கோட்டுக்கு முன்னால் தொட்டாலும் தவறு. மலைப் பகுதியில் பறக்க நினைப்பவருக்கு இதைவிட உதவும் பயிற்சி இல்லை. தேயிலைச் சரிவில் எஞ்சின் நின்றால் இறங்கச் சமதரை எவ்வளவு கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணம் கணக்கு. அமெரிக்க கமர்ஷியலுக்குத் தனியாகப் படிப்பவர்களுக்கு மொத்தம் 250 மணி நேரம் வேண்டும். உங்களிடம் 170 இருக்கிறது, பாக்கி 80. இந்திய கமர்ஷியலுக்கு நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி நேரம். அதில் 100 மணி நீங்களே கமாண்டராக ஓட்டியது, அதிலும் 15 மணி விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில். 20 மணி கிராஸ்-கண்ட்ரி (ஊர்விட்டு ஊர் போகும் பறப்பு), 300 கடல்மைல் பயணம் ஒன்று, அதில் இரண்டு வேறு நிலையங்களில் முழுதாக நின்று கிளம்பிய லேண்டிங். இரவுப் பறப்பு 5 மணி நேரம், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். கருவிப் பறப்பு 10 மணி, அதில் சிமுலேட்டர் ஐந்துக்கு மேல் செல்லாது. அமெரிக்க நிபந்தனைகளைப் பூர்த்தி செய்கிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை கூடவே முடிந்துவிடும், லாக்புக்கில் ஒழுங்காக எழுதினால். தொட்டுவிட்டு அப்படியே மறுபடி கிளம்பும் லேண்டிங்குகளை அந்தப் பயணத்தில் தவிர்த்துவிடுங்கள். இரவுப் பறப்பைத் திரும்பி வரும் தேதிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் பக்கத்துக்குப் பக்கம் வாங்கிவிடுங்கள். கடல் தாண்டி வந்தபின் ஒரு கையொப்பத்துக்காக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பது பெரிய தலைவலி.

அந்த நீண்ட பயணத்துக்கு மார்ஃபாவுக்குப் போங்கள். அமெரிக்க விதி கேட்பது 300 கடல்மைல், மூன்று இடத்தில் லேண்டிங், அதில் ஒன்று புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 250 கடல்மைலுக்குக் குறையாமல். ஆஸ்டினிலிருந்து மார்ஃபா 300 கடல்மைலுக்கு மேல், கணக்கு சரியாக வரும். வழியில் ஜங்ஷனிலோ ஃபோர்ட் ஸ்டாக்டனிலோ இறங்கி ஏறலாம். மார்ஃபா விமான நிலையம் கிட்டத்தட்ட 4,800 அடி உயரத்தில் இருக்கிறது. கோடை மதியத்தில் அங்கே டேக்-ஆஃப் செய்து பாருங்கள், உயரமும் வெயிலும் சேர்ந்தால் எஞ்சின் எப்படிச் சோர்ந்துபோகும் என்று புரியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். ஊட்டி அளவு உயரத்தில், 7,000 அடியில் ஒரு ரன்வே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி வெயிலடிக்கும் நல்ல நாளில், விமானத்துக்கு அது 9,000 அடிக்கு மேலே இருக்கும் ரன்வே.

மார்ஃபாவைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970-ல் உலக கிளைடர் போட்டி அங்கேதான் நடந்தது. மேற்கு டெக்சாஸின் வெயிலும் மலைகளும் எஞ்சின் இல்லாத விமானத்தை மணிக்கணக்கில் தூக்கி நிறுத்தும். உங்களிடம் யாரும் கிளைடரைப் பற்றிச் சொல்லவில்லை. நான் முதலில் சொல்வதே அதைத்தான். விமானத்தில் 40 மணி தாண்டியவர் பிரைவேட் அளவில் கிளைடர் ரேட்டிங் சேர்க்க, 3 மணி நேரக் கிளைடர் பறப்பு, அதற்குள் 10 தனிப் பறப்பு, தேர்வுக்கு முன் பயிற்றுநருடன் 3 பறப்பு போதும். எழுத்துத் தேர்வு மறுபடி இல்லை. ஓட்டிய நேரம் அந்த 250-லும் சேரும். செலவும் குறைவு. எல்லாவற்றையும்விட, மலைக்காற்று என்ன செய்கிறது என்று புத்தகத்தில் படிக்காமல் இடுப்பில் உணர்வீர்கள். ஆற்றில் கிடக்கும் பாறை மேல் தண்ணீர் ஏறிச் சுழித்து விழுவதைப் போலத்தான் காற்றும். எதிர்ச்சரிவில் தூக்கும், முதுகுப் பக்கம் அழுத்தும். எஞ்சின் இல்லாதபோது அந்த அழுத்தத்தைச் சக்தியால் சமாளிக்க வழியில்லை, படிக்கத்தான் வேண்டும். படித்தவர் பிறகு செஸ்னாவிலும் மலை முதுகுப் பக்கம் தாழப் போக மாட்டார்.

இதன் தொடர்ச்சியாக கொலராடோவில் ஒரு மலைப்பறப்புப் பயிற்சி. இரண்டு மூன்று நாள் ஒதுக்கினால் போதும். லெட்வில் என்ற ஊரின் ரன்வே 9,934 அடியில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், அதாவது 8,650 அடிச் சொச்சம். நீலகிரியின் உச்சிக்கும் மேலே 1,280 அடி உயரத்தில் அவர்கள் விமானம் இறக்குகிறார்கள். மலைத் தொடரை நேராகக் குறுக்கிடாமல் 45 டிகிரிச் சாய்வில் அணுகுவது, கீழிறக்கும் காற்று பிடித்தால் தாழ்வான பக்கம் திரும்பிவிடுவது, பள்ளத்தாக்கில் நடுவே போகாமல் ஒரு ஓரமாகப் போய்த் திரும்ப இடம் வைத்துக்கொள்வது, மதியத்துக்கு முன் தரையில் இருப்பது என்று அங்கே கற்றுத்தரும் ஒவ்வொன்றும் குன்னூர்ப் பள்ளத்தாக்குக்கு அப்படியே பொருந்தும். அங்கிருந்து கிடைக்கும் ஒரே சான்று லாக்புக்கில் ஒரு கையொப்பம்தான். நான் இதுவரை சொன்னவற்றில் எதையாவது குறைக்க வேண்டியிருந்தால் இதைக் குறைக்காதீர்கள்.

இரட்டை எஞ்சின் வேண்டாம். ஏர்லைனுக்குப் போகிறவர்களுக்கு அது அவசியம், உங்களுக்கு இல்லை. ஒரு எஞ்சின் நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பி உருட்டப் பார்க்கும். குறைந்த வேகத்தில் அதை அடக்க வாலில் இருக்கும் சுக்கானுக்கு (ரடர்) வலு போதாது. அந்த நிலைமையைக் கையாளுவது பழக்கத்தில் மட்டும் நிற்கும் வித்தை. ரேட்டிங் வாங்கிவிட்டு வருடம் முழுக்க அதைத் தொடாதவர், ஒற்றை எஞ்சினில் இருப்பவரைவிட ஆபத்தில் இருக்கிறார். வெளிநாட்டினருக்கு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. வைத்திருக்கும் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் அது வருகிறது. அந்தப் பணத்தை டெயில்வீல் (வாலில் சின்னச் சக்கரம் வைத்த விமானம்) பயிற்சிக்குப் போடுங்கள், சுக்கானை மிதிக்கும் கால் விழித்துக்கொள்ளும்.

இன்ஸ்ட்ரக்டர் ஆவது பற்றி எனக்கு இரண்டு மனது. கற்றுக்கொடுக்கும்போதுதான் பைலட் முழுமையாகக் கற்றுக்கொள்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கமர்ஷியலுக்குப் பிறகுதான் அது வரும், ஒரு வருடத்தில் மேலே சொன்ன எல்லாவற்றோடும் இதையும் திணித்தால் எதுவும் உருப்படாது. இந்தியாவில் பயிற்றுநர் ஆக டி.ஜி.சி.ஏ. தனி ரேட்டிங் கொடுக்கிறது, உதவிப் பயிற்றுநர் என்ற படியில் தொடங்க வேண்டும். ஊருக்கு வந்து, தோட்டம் ஒரு நிலைக்கு வந்தபின்னும் அந்த ஆசை இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஹெச்-1பி என்றால், உங்களை வைத்திருக்கும் நிறுவனத்தைத் தவிர வேறு யாரிடமும் சம்பளம் வாங்க முடியாது. இன்ஸ்ட்ரக்டர் கட்டணமும் சம்பளம்தான்.

கமர்ஷியல் வந்ததும் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நண்பரின் நண்பர் வந்து, டல்லஸுக்குக் கூட்டிப்போ, மொத்தச் செலவையும் தருகிறேன் என்பார். இப்போதைய பிரைவேட் லைசென்ஸில் கூட வருபவர்களோடு செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. கமர்ஷியல் வந்தாலும் ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்கலாமே தவிர, உங்கள் விமானத்தில் இருக்கை விற்க அது போதாது. அதற்கு நிறுவனமாகத் தனி அனுமதி வேண்டும். இந்தியாவிலும் அப்படியே. தோட்டத்துக்கு வரும் விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டலாம் என்ற யோசனை ஏதும் இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள்.

இப்போது கோத்தகிரிக்கு மேலே பறக்கும் கதைக்கு வருவோம் அம்மிணி.

முதலில் காகிதம். அமெரிக்க லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே நேராக ஓட்ட முடியாது, மாற்றிக்கொள்ள வேண்டும். ஏர் ரெகுலேஷன்ஸ் ஒரு தாள், நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த காம்போசிட் இன்னொரு தாள். கமர்ஷியலாக மாற்றினால் கிளாஸ் 1 மெடிக்கல், ரேடியோவில் பேச ஆர்.டி.ஆர். என்ற சான்று வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன். தாள்களுக்கு அங்கிருக்கும்போதே படிக்கத் தொடங்குங்கள். அமெரிக்காவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதி ஆவதே இல்லை, பழக்கம்தான் காலாவதியாகும். இங்கே வருடத்துக்கு ஒருமுறை செக் கொடுத்துப் புதுப்பித்தாக வேண்டும். அதற்கு விமானம் கிடைப்பதும் செலவும் தனிக்கதை. புதுப்பிக்க முடியாமல் போனால் வருத்தப்படாதீர்கள், கண்பார்வை விதியில் ஓட்டும் உரிமை உங்களிடமேதான் இருக்கும்.

அடுத்தது விமானம். ஆஸ்டினில் செயலியைத் திறந்து சனிக்கிழமைக்கு விமானம் பதிவு செய்கிற பழக்கத்தை மறந்துவிடுங்கள். இங்கே சின்ன விமானங்கள் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளிடம்தான், அவை மாணவர்களுக்கே போதவில்லை. பிஸ்டன் எஞ்சினுக்கான ஏவிகேஸ் என்ற எரிபொருள் நெடுங்காலம் இறக்குமதியாகவே வந்தது, இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரிக்கத் தொடங்கியதே 2022-ல். ஒரு கிளப்பிலோ பள்ளியிலோ உறுப்பினராகி, அவர்களுடைய பயிற்றுநர் ஒருவரோடு போவதுதான் நடைமுறையில் சாத்தியமான வழி. ஃப்ளைட் பிளான், ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் (வான் பாதுகாப்பு அனுமதி) எண் இரண்டும் வேண்டும். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, வெலிங்டன் ராணுவப் பகுதி மேலே இருக்கிறது. எந்தப் பாதை, எந்த உயரம் என்று அவர்கள் சொல்வதுதான் பாதை.

பாதையைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோவை விமான நிலையம் சுமார் 1,320 அடி. தோட்டத்துக்கு மேலே பாதுகாப்பாகச் சுற்ற 9,500 அடியாவது வேண்டும். செஸ்னா 172-க்கு நம் ஊர் வெயிலில் 8,000 அடிக்கு மேல் ஏற 18, 20 நிமிடம் பிடிக்கும், அதற்குள் 22 முதல் 25 கடல்மைல் ஓடியிருக்கும். கோத்தகிரி நேர்க்கோட்டில் 26 கடல்மைல்தான், மலைச்சுவரோ மேட்டுப்பாளையம் தாண்டியதுமே எழும்பிவிடுகிறது. நேராகக் கிளம்பினால் சுவரின் முன்னால் போய் நிற்கும்போது கையில் உயரம் இருக்காது. ஆகவே சமவெளி மேலேயே வட்டமிட்டு முழு உயரமும் ஏறிவிட்டு, அதன் பிறகு மலைப் பக்கம் திரும்புங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் மேற்குக்காற்று கோவை ரன்வேயில் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவர்கள் அந்த மாதங்களில் இதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நேராகக் குன்னூர், கோத்தகிரிச் சரிவில்தான் வந்து முட்டுகிறது. மிச்சம் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் விடிந்து இரண்டு மூன்று மணி நேரம். சரிவு சூடேறியதும் பள்ளத்தாக்குக் காற்று மேலேறத் தொடங்கும், பத்து மணிக்கு மேல் மேகம் எந்த மூலையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

"அதற்குத்தானே இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்" என்று உங்களுக்குத் தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். மலைப் பகுதியில் கருவிப் பறப்பு என்றால் சுற்றுப்புற உச்சிக்கு 2,000 அடி மேலே, அனுமதித்த பாதையில். தொட்டபெட்டா 8,650 என்றால் 10,650-க்குக் குறையாமல். கீழே மேகம் இருந்தால் மேகத்தைப் பார்ப்பீர்கள், தேயிலையைப் பார்க்க முடியாது. இறங்கிப் பார்க்க நீலகிரியில் ரன்வேயும் இல்லை, அப்ரோச்சும் இல்லை. ஊட்டி தீட்டுக்கல்லில் இருப்பது ஹெலிகாப்டர் தளம். தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கண்பார்வை விதியில்தான் போக முடியும். அப்படிப் போகும்போது முன்னால் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், ரேட்டிங் இருக்கிறதே என்று உள்ளே நுழையாமல் திரும்பிவிட வேண்டும். தெரியாமல் மாட்டிக்கொண்டால் சமவெளிப் பக்கம் திருப்பி, இறக்கையை மட்டமாக்கி, ஏறி வெளியே வந்துசேர மட்டும் இந்த மலையில் உங்கள் ரேட்டிங் உதவும். அதுவே பெரிய விஷயம். ஆஸ்டினில் முதல் மூன்று மாதம் மேகத்தில் பழகச் சொன்னது அந்த ஒரு திருப்பத்துக்காகத்தான்.

கோவைக்குத் திரும்பி இறங்கும்போதும், சேலம், மதுரை, மைசூர் என்று போய்வரும்போதும் ரேட்டிங் நன்றாகவே கைகொடுக்கும். அதுவும் இங்கே சூரியன் மறைந்தபின் ஊர்விட்டு ஊர் கண்பார்வை விதியில் போக பொதுவாக விடமாட்டார்கள், கருவி விதிதான். நீங்கள் அங்கே பழகிய, ஜி.பி.எஸ். வழியில் இறங்குபாதையைக் காட்டும் எல்.பி.வி. அப்ரோச் இங்கேயும் வந்துவிட்டது. ஜி.பி.எஸ். குறிப்பைத் திருத்தித் துல்லியமாக்கும் நம் ககன் அமைப்பை வைத்து 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் முதல் முறையாக ஒரு ஏ.டி.ஆர். விமானம் அப்படி இறங்கியது. விமானத்தில் அதற்கான கருவி இருக்க வேண்டும், பயிற்சிப் பள்ளி விமானங்களில் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை மேலிருந்து பார்ப்பதுதான் முக்கியம் என்றால், ஒரு டிரோன் வாங்குவது பத்தில் ஒரு பங்கு அலைச்சல்கூட இல்லை. 2 கிலோவுக்குக் கீழ், வியாபாரமில்லாத உபயோகம் என்றால் ரிமோட் பைலட் சான்றுகூடத் தேவையில்லை. டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதியில்) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வனத்துறை எல்லைப் பக்கம் போகவே வேண்டாம். மருந்தடிக்கும் டிரோன் எடுக்கிற யோசனை வந்தால் சான்று அவசியம், விமான லைசென்ஸ் அதற்குப் பதிலாகாது.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் 170 மணியில் கமாண்டர் நேரம், கிராஸ்-கண்ட்ரி, இரவு, நிஜ மேகம் என்று பிரித்துக் கூட்டி எனக்கு எழுதுங்கள். பாக்கி 80 மணியை எந்த மாதத்தில் எதற்கு ஒதுக்குவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.